ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன்

நீங்கள் என்னைப் பார்த்திருக்கலாம். பாடும்போது இல்லை, அழும்போது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் மேடையில் நின்றபடி ஒருத்தி தேம்பித் தேம்பி அழுதாளே, உங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில்கூட யாராவது அனுப்பியிருப்பார்களே, அவள்தான் நான். தாம்பரம் மார்க்கெட்டில் பூ விற்கிற அம்மா என்னை அடையாளம் கண்டதும் அப்படித்தான். "இன்னாமா, டிவில அழுதுகினு இருந்தியே, அது நீதானே? நானும் இங்க குந்திகினு அழுதேன் போ" என்றார். நான் பாடிய பாட்டு எது என்று அவருக்கு ஞாபகம் இல்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

என் குணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் யாரையும் எதையும் சட்டென்று நம்புகிற ஆள் கிடையாது. பால் பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்கி, வீட்டுக்கு வந்து வெட்டி, மோந்தும் பார்ப்பேன். முடிச்சூரில் எங்கள் தெருவுக்கு வீடு பார்க்க வருகிறவர்களிடம் புரோக்கர் "வெள்ளத்துல இந்தத் தெருவுக்கு மட்டும் தண்ணி வரலை சார்" என்று அளந்துகொண்டிருப்பார். நான் பால்கனியில் துணி உலர்த்தியபடி, எந்த வருஷம் வரவில்லை என்று மேலேயிருந்து கேட்டு வைப்பேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் என்னை சி.ஐ.டி. என்று கூப்பிட்டார். பிறகு அவருக்கே அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய இடம் ஒன்றே ஒன்று. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹால். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு ஒத்திகைக்கு அங்கே கூடுவோம். எங்களுடையது மியூசிக்கல் குழு. நடிக்கிறவர்களே பாட வேண்டும், பாடுகிறவர்களே ஆட வேண்டும், பாட்டை ஓடவிட்டு வாயசைக்கிற கதையெல்லாம் கிடையாது. பல வருஷமாக நாங்கள் போட்டுக்கொண்டிருக்கும் நாடகம் முழுக்க மின்சார ரயிலின் லேடீஸ் பெட்டிக்குள் நடப்பது. தாம்பரத்தில் ஏறுகிற பெண்கள் கடற்கரையில் இறங்குவதற்குள் தங்கள் கதையைப் பாடித் தீர்த்துவிடுவார்கள். அதில் ரயிலில் பூ விற்கிறவள்தான் முக்கிய வேஷம். நாடகம் போடுகிற வாரங்களில் சனிக்கிழமைக் காட்சியில் நான் பூ விற்பேன். ஞாயிற்றுக்கிழமைக் காட்சியில் என் தோழி விற்பாள்.

அவள் அனகாபுத்தூர்க்காரி, ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரே வேஷத்தைப் பங்குபோட்டுக்கொண்ட இரண்டு பெண்கள் ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்துக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று குழுவில் கிண்டல் செய்வார்கள். எங்களுக்குள் அப்படி ஒன்றும் வந்ததில்லை. பூக்காரியின் புடவை ஒன்றுதான். சனிக்கிழமை நான் கட்டியதை ஞாயிற்றுக்கிழமை அவள் கட்டுவாள். என் வியர்வை நாற்றத்தைப் பற்றி இரண்டு வார்த்தை திட்டிவிட்டுத்தான் கட்டுவாள்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. காட்சிக்கு முன்னால் சவுண்டு அண்ணா ஒவ்வொருவர் கன்னத்திலும் ஒரு சின்ன மைக்கை ஒட்டி, அதன் பெட்டியை இடுப்பில் கட்டிவிடுவார். அதற்குப் பிறகு நாடகம் முடிகிறவரை அந்தப் பெட்டியில் நாம் கை வைக்கக் கூடாது. ஸ்விட்சைத் தொட்டால் அவருக்கு மகா கோபம் வரும். நாங்கள் மேடையை விட்டு உள்ளே காலெடுத்து வைக்கிற அதே நொடியில், ஹாலின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் அவரே எங்கள் சத்தத்தை இறக்கிவிடுவார். திரும்ப மேடையேறும்போது ஏற்றுவார். எல்லாவற்றையும் நாடகப் பிரதியில் பென்சிலால் குறித்து வைத்திருப்பார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. "உள்ள வந்துட்டீங்கன்னா உங்க பேச்சு உங்களோட" என்பார். அந்தத் தைரியத்தில், இடுப்பில் மைக்கோடு திரைக்குப் பின்னால் நின்று நாங்கள் பேசாத பேச்சு இல்லை. மாமியார், மேனேஜர், பாஸ்டர் என்று ஒருவரையும் விட்டுவைத்ததில்லை.

போட்டிக்கு விண்ணப்பம் போட்டது நான் இல்லை, அவள். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு பேர் பெயரையும் போட்டுவிட்டாள். சுற்றுச் சுற்றாகக் கூப்பிட்டார்கள். மூன்றாவது சுற்றில் அவளை அனுப்பிவிட்டு என்னை வைத்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். போட்டியாளர் ஒவ்வொருவரும் துணைக்கு ஓர் ஆளை அழைத்து வரலாம் என்றார்கள். என் மாமியாருக்கு முட்டி வலி. வீட்டுக்காரருக்கு ஆபீஸ். அவள் பள்ளியில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். காலையில் வெளிவட்டச் சாலையில் வேன் பிடித்து என்னோடு ஸ்டுடியோவுக்கு வந்து, எனக்குப் புடவை மடிப்பு எடுத்து, ஃபிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். தன்னைத் தோற்கடித்த இடத்துக்கே வந்து இன்னொருத்தி புடவைக்கு ஊக்கு குத்திவிட யாருக்கு மனசு வரும்? அப்போது இதை நான் யோசிக்கவே இல்லை. பிற்பாடு யோசித்தேன், தப்பாக.

ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்னால் ஒருவர் கையை உயர்த்தினால் தட்டுவார்கள், இறக்கினால் உட்காருவார்கள். நடுவர் ஒருவர் கண்ணைத் துடைப்பதைத் தனியாகப் படம் பிடித்தார்கள். அப்போது மேடையில் ஆளே இல்லை. ஒருங்கிணைப்பாளரிடம் இதென்ன என்று கேட்டேன். "அது டெக்னிக்கல்க்கா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆங்கிலத்தில் புத்தகம் போல ஓர் ஒப்பந்தம் கொடுத்தார்கள். மற்றவர்கள் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நான் வீட்டுக்கு எடுத்துவந்து வரிவரியாகப் படித்து, ஏழு சந்தேகம் எழுதிக்கொண்டு போய்க் கேட்டேன். என்னைக் கண்டாலே அவர்களுக்குத் தலைவலி.

அங்கே ஒரு பெண் இருந்தாள். போட்டியாளர்களின் வாழ்க்கைக் கதையை எழுதுவது அவள் வேலை. கையில் நோட்டோடு, அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டு, போட்டு வாங்கப் பார்ப்பாள். உங்கள் வாழ்க்கையில் பெரிய கஷ்டம் என்ன என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். முடிச்சூர் என்றதும் அவள் முகம் மலர்ந்தது; வெள்ளத்தில் எல்லாம் போயிருக்குமே என்றாள். நாங்கள் இரண்டாவது மாடி, ஸ்கூட்டர் மட்டும்தான் போயிற்று என்றேன். அவள் நோட்டை மூடிக்கொண்டு அடுத்த ஆளைத் தேடிப் போனாள். எனக்கா காது குத்துகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

கஷ்டம் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. போட்டி தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டு உட்காரவைத்து, வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என் மாமனாருக்கு இதயத்தில் அடைப்பு எடுத்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. அவர் ரயில்வேயில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு நாள் தாமதமாகப் போகாதவர். அவருக்கு இது தெரிந்தால் தாங்க மாட்டார் என்று இவர் தினமும் காலையில் பேன்ட் சட்டை போட்டு, பழைய கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, சாப்பாட்டுப் பையோடு பைக்கில் கிளம்புவார். அதே சிறுசேரிக்குப் போய், அதே கம்பெனிக்கு எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை தேடுவார். சாயங்காலம் களைத்துப்போய் வருவார். "இன்னிக்கு வேலை ஜாஸ்தியாப்பா?" என்று மாமனார் கேட்பார். நான் சமையலறையில் மிக்சியை ஓடவிடுவேன்.

ஒரு நாள் படப்பிடிப்பில் மதியச் சாப்பாட்டு இடைவேளை. இவர் போன் செய்தார். கடைசிவரை போன ஓர் இன்டர்வியூவில் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். பேச ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு அழுதார். வெளியே வராந்தாவில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். தோழி சாப்பாட்டுத் தட்டோடு தேடி வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தேன். கேமரா இல்லை, நோட்டுக்காரி இல்லை, ஈ காக்கை இல்லை. அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டீக்கடை, அடையாள அட்டை, மிக்சி, எல்லாம். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை அணைத்துக்கொண்டாள்.

"கிடைச்சிடும்டி. கிடைக்கிற அன்னிக்கு முதல் போன் எனக்குத்தான் போடணும், சரியா?" என்றாள்.

சரி என்று மூக்கைச் சிந்திக்கொண்டே தலையாட்டினேன்.

மூன்று வாரம் கழித்துக் குடும்பச் சுற்று என்று ஒன்று வந்தது. போட்டியாளரின் வீட்டு ஆட்கள் எல்லோரும் முதல் வரிசையில் உட்கார வேண்டும். இவர் லீவு போட்டதாகச் சொல்லிவிட்டு வந்தார். மாமனார் கிறிஸ்துமஸுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். நான் பாடி முடித்தேன். நன்றாகவே பாடினேன். தொகுப்பாளர் என் பக்கத்தில் வந்து நின்று குரலைத் தாழ்த்தினார். தினமும் வேலைக்குப் போவது மாதிரியே கிளம்பி, வேலை இல்லாமல் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கணவர் என்று ஆரம்பித்தார். பின்னால் பெரிய திரையில் யாரோ ஓர் ஆள், முகம் தெரியாமல், கழுத்தில் அட்டையோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் காட்சி ஓடியது. வயலின் வேறு. கேமரா முதல் வரிசைக்குப் போனது. இவர் தலையைக் குனிந்துகொண்டார். மாமனார் திரையைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

அப்போதுதான் நான் அழுதேன். அவமானத்திலும் ஆத்திரத்திலும் வந்த அழுகை அது. ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. அன்றைக்கு எனக்குத்தான் அதிக மதிப்பெண்.

வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே மாமனார் மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இத்தனை மாசமா மத்தியானம் எங்கப்பா உட்கார்ந்து சாப்பிட்ட?" இவர் அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதார். மாமனாருக்கு ஒன்றும் ஆகவில்லை. மகன் தலையைத் தடவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் கழித்து இவர் என்னிடம் வாய் திறந்தார். யாரிடம் சொன்னாய் என்று கேட்டார். ஒருத்தியிடம் மட்டும் என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம்.

அதற்குப் பிறகு என் மூளை வேலை செய்த வேகம் எனக்கே பயமாக இருக்கிறது. விண்ணப்பத்தை ஏன் என்னைக் கேட்காமல் போட்டாள்? தோற்ற பிறகும் ஏன் தினமும் வந்தாள்? நோட்டுக்காரியோடு டீ டிரம் பக்கத்தில் நின்று சிரித்துப் பேசினாளே, என்ன பேச்சு? ஒருங்கிணைப்பாளரின் நம்பர் அவள் போனில் எப்படி வந்தது? போன மாதம் புதுப் போன் வாங்கினாளே. பொறாமை இருக்காதா, சனிக்கிழமைக்காரி டிவியில் வருகிறாள், ஞாயிற்றுக்கிழமைக்காரி வெந்நீர் ஊற்றுகிறாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்தினேன், எல்லாம் பொருந்தியது. நான் கோர்ட்டில் வக்கீலாகப் போயிருக்க வேண்டியவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் போனேன். மேடைக்குப் பின்னால் ஆறாம் வகுப்பு அறைதான் எங்களுக்கு உடை மாற்றும் இடம். குழு மொத்தமும் அங்கே இருந்தது. அவள் தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டிருந்தாள். எல்லோர் முன்னாலும் கேட்டேன். என் வீட்டு மானத்தை அந்த டிவிக்காரியிடம் என்ன வாங்கிக்கொண்டு விற்றாய் என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதக் கை கூசுகிறது.

அவள், "நான் சொல்லல" என்றாள். அவ்வளவுதான். இரண்டாவது தடவை சொல்லவில்லை, அழவில்லை, சத்தியம் செய்யவில்லை. உண்மையானவளாக இருந்தால் துடித்திருக்க மாட்டாளா என்று அதையும் அவள் கணக்கில் எழுதிக்கொண்டேன். அவள் நம்பரை அங்கேயே நின்று பிளாக் செய்தேன்.

பிறகு நடந்ததைக் குழுவில் மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவள் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடுமாம். ஒருத்தி போனில் புருஷனோடு பேசிக்கொண்டிருப்பாள், இவளைக் கண்டதும் வெளியே எழுந்து போய்விடுவாளாம். ஐந்தாறு வாரம் இப்படி வந்துபோய்ப் பார்த்தாள். பிறகு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூக்காரியாக வேறொரு பெண் வந்தாள். அவளுக்கு மேல் சுருதி எட்டவில்லை. நான் அதைக் கேட்டு நொட்டை சொன்னேன்.

எனக்கோ ஏறுமுகம்தான். அந்தப் போட்டியில் இரண்டாமிடம். அடுத்து நடித்துக்கொண்டே பாடுகிற இன்னொரு போட்டிக்குக் கூப்பிட்டார்கள். அது எனக்குக் கைவந்த கலை, முதலிடம். குரோம்பேட்டையில் ஒரு துணிக்கடையைத் திறந்து வைத்தேன். ரயிலில் லேடீஸ் பெட்டியில் ஏறினால் செல்ஃபிக்குத் தோளை ஒட்டி நிற்பார்கள். நாங்கள் ஹாலில் நாற்காலி நிரம்பாமல் போட்ட அதே ரயில் நாடகத்துக்கு இப்போது வாசலில் கூட்டம் நின்றது. எல்லோரும் எனக்காக வருகிறார்கள் என்று குழுவில் சந்தோஷப்பட்டார்கள். அழுகிறவளைப் பார்க்க வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இவருக்கும் வேலை கிடைத்தது. டிவி பார்த்துப் பரிதாபப்பட்டுக் கூப்பிட்டவர்களிடம் போக மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து, குடும்பச் சுற்று முடிந்த இரண்டாவது மாதம் பெருங்குடியில் ஒரு சின்ன கம்பெனியில் தானாகவே வாங்கினார். அன்றைக்கு அம்மாவுக்குப் போன் செய்தேன், நாத்தனாருக்குச் செய்தேன், பாஸ்டருக்குச் செய்தேன். இன்னும் யாரோ பாக்கி என்று விரல் போன் மேல் நின்றது. யார் என்று தெரிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இந்த வருஷம் அதே பாட்டுப் போட்டியின் புதிய சீசனுக்கு என்னை விருந்தினராகக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை நான் பெரிய மனுஷி, எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஏ.சி. நன்றாக இருக்கும் என்று கேமராப் படங்களைப் பார்த்து இயக்கும் கன்ட்ரோல் ரூமுக்குள் போய் உட்கார்ந்தேன். சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் திரைகள். மூலையில் அதே நோட்டுக்காரி, தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேக வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டேன். ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தாள். ஓர் இளம்பெண்ணின் குரல். அவளுடைய அப்பா குடும்பச் சுற்றுக்கு வந்துவிடக் கூடாது என்று தன் அம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். திரையில் பார்த்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் அம்மாவும் மகளும் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகளின் இடுப்பில் சின்ன மைக் பெட்டி.

சாப்பிடும்போதுகூட ஓடுமா என்று கேட்டேன்.

"காலையில கட்டினா ஷூட்டிங் முடிஞ்சு பேக்கப் ஆகுற வரைக்கும் ஓடும்க்கா" என்றாள் அந்தப் பெண், பெருமையாக. "உங்களுக்கும் அப்படித்தானே. தூணுக்குப் பின்னாடி உட்கார்ந்து அந்த டீக்கடை விஷயத்தைச் சொன்னீங்களே, இதே சேர்ல உட்கார்ந்து கேட்டு நானும் அழுதேன்க்கா."

என் கை தானாக இடுப்புக்குப் போனது. அன்றைக்கும் அங்கே ஒரு பெட்டி கட்டியிருந்தார்கள். ஸ்விட்ச் மேல் டேப் ஒட்டியிருந்தார்கள். நாமாகத் தொடக் கூடாது என்று சொன்னார்கள். எனக்கு அது பழகிய விஷயம், எங்கள் குழுவின் வழக்கம்தானே என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மேடையிலிருந்து உள்ளே வந்துவிட்டேன், யாரோ சத்தத்தை இறக்கியிருப்பார்கள் என்று இருந்துவிட்டேன். அவளும் நாடகக்காரிதான், அவளுக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். பதினொன்றாம் பக்கத்தில் கறுப்பு மையில் இருந்தது, வளாகத்துக்குள் இருக்கும் நேரம் முழுவதும் ஒலியும் ஒளியும் பதிவாகும் என்று. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்திலேயே வேறொரு வரிக்குச் சந்தேகக்குறி போட்டிருந்தேன்.

இவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, அப்படியானால் அந்தப் பெண் என்று மட்டும் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு பைக் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அனகாபுத்தூரில் அவள் வீடு இருக்கும் சந்துக்குள் இரண்டு வண்டி எதிரெதிரே வர முடியாது. வண்டியை முனையில் நிறுத்திவிட்டு நடந்தேன். வழியில் இரண்டு பேர் என்னை அடையாளம் கண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மாடியறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். என்னை ஒரு நாளும் 'வாடி, போடி' என்றில்லாமல் கூப்பிடாதவள்.

எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். கையைப் பிடிக்கப் போனேன், அவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"கைதட்டினவங்களைச் சந்தேகப்பட்டீங்க, நடுவரைச் சந்தேகப்பட்டீங்க, என்னையும் சந்தேகப்பட்டீங்க" என்றாள். "இடுப்புல கட்டியிருந்ததை மட்டும் சந்தேகப்படலை."

நான் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றேன்.

"இதை ஏன் எங்கிட்ட வந்து சொல்றீங்க? நான் சொல்லலேன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க." சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

முடிச்சூர் வந்து சேரும்வரை மனசு ஆயிரம் சாக்குச் சொன்னது. ஒப்பந்தப்படி படப்பிடிப்பில் நடந்ததை வெளியே பேசக் கூடாது. சானல்காரர்கள் அடுத்து ஒரு பெரிய நிகழ்ச்சிக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். குழுவில் ஒரு வாய் போதும், ஊர் முழுக்கப் போய்விடும். எல்லாவற்றையும் விட, சி.ஐ.டி. என்று பெயர் வாங்கியவள் இப்படி ஏமாந்தாள் என்று தெரியப்போகிறதே என்பதுதான் என்னைக் குடைந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஆறாம் வகுப்பு அறை. ஒத்திகைக்கு முன்னால் எல்லோரையும் உட்காரச் சொன்னேன். அவள் நம்பரை பிளாக்கிலிருந்து விடுவித்து, போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தேன். எடுத்தாள். அவளும் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். தூண், தட்டு, பெட்டி, நோட்டுக்காரி, பதினொன்றாம் பக்கம், ஒன்றையும் பூசி மெழுகவில்லை. அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, நான்தான் என் வாயால் என் மைக்கில் சொன்னேன் என்றேன். எல்லோரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருஷனோடு பேச வெளியே எழுந்து போவாளே, அந்தப் பெண் மட்டும் மெதுவாக, விடுங்கக்கா, பழைய கதை என்றாள். அவளுக்குப் பழைய கதை.

சவுண்டு அண்ணா ஒயரைச் சுற்றிக்கொண்டே, ஸ்விட்ச் மேல் டேப் ஒட்டியிருந்ததைப் பார்த்துமா தோன்றவில்லை என்று கேட்டார்.

"அங்கயும் உங்களை மாதிரி ஒருத்தர் இருப்பாருன்னு நெனைச்சிட்டேன்ணா" என்றேன். அவர் ஒயர் சுற்றுவதை நிறுத்திவிட்டார்.

போனிலிருந்து சத்தமே இல்லை. துண்டித்துவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கேட்டதா என்று கேட்டேன்.

"கேட்டுச்சு" என்றாள். பிறகு, "அவருக்கு வேலை கிடைச்சுதா?" என்றாள்.

இரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் என்னைப் பிடித்து நிறுத்திப் பேசினார்கள். இதைக் கேட்ட முதல் ஆள் இவள்தான். கிடைத்துவிட்டது என்றேன்.

"எப்போ?"

எப்போது என்று சொன்னேன். குடும்பச் சுற்று முடிந்த இரண்டாவது மாதமே என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"முதல் போன் எனக்குப் போடுறேன்னு சொன்னியேடி" என்றாள். அந்தப் பக்கம் அவள் அழுவது அறை முழுக்கக் கேட்டது.

சவுண்டு அண்ணா எழுந்து வந்தார். போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்து, என் காதோடு வைத்துவிட்டு, மற்றவர்களை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.